பழைய டீசல் லாரியில் குளோ பிளக் விளக்கும் அதன் ஒயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளோ பிளக் என்பது, குளிர்ந்த டீசல் இஞ்சின் எளிதாகக் கிளம்ப உள்ளே மின்சாரத்தால் பழுத்துச் சூடேற்றும் சிறு ஹீட்டர். மெக்கானிக்கல் டீசல் பம்ப் கொண்ட பழைய லாரிகளின் டாஷ்போர்டில் சுருள் வடிவக் குறியுடன் எரியும் குளோ பிளக் விளக்கு, பட்டறைகளில் பலரும் ஹீட்டர் விளக்கு என்று அழைப்பது, எரியாமல் போவதும் எரியக் கூடாத நேரத்தில் எரிவதும் வழக்கமாக எழும் புகார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 12 வோல்ட் அமைப்பையே குறிக்கிறோம்.

இந்த விளக்கு உண்மையில் எதைக் காட்டுகிறது?

பிளக்குகள் சூடாகிவிட்டன என்பதை அது காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எந்த ஒயரில் அது இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஒயரின் நிலையை மட்டுமே அது காட்டும். அந்த ஒயர் வண்டிக்கு வண்டி மாறுவதால், ஒரு லாரியில் சரியான முடிவைத் தரும் சோதனை இன்னொரு லாரியில் தேவையற்ற பொருளை வாங்க வைத்துவிடும். பழைய வண்டிகளில் மூன்று அமைப்புகளைக் காணலாம்.

மிகப் பழைய அமைப்பில் பல்பே கிடையாது. டாஷ்போர்டில் துளையிட்ட சிறு மூடி ஒன்றுக்குப் பின்னால் தடித்த கம்பிச்சுருள் இருக்கும். பிளக்குகளுக்குப் போகும் கரண்ட் முழுவதும் அதன் வழியாகவே போவதால், பிளக்குகள் பழுக்கும்போது அந்தச் சுருளும் பழுத்து, துளைகள் வழியே சிவப்பாகத் தெரியும்.

இரண்டாவது அமைப்பில், ரிலேயின் (காயில் எனும் மின்காந்தச் சுருளால் இயங்கி, பிளக்குகளின் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வெளியீட்டுப் பக்கத்திலிருந்து, அதாவது பிளக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பஸ் பாரிலிருந்து, மெல்லிய ஒயர் ஒன்று டாஷ்போர்டு பல்புக்கு வருகிறது. பல்பின் மறுமுனை எர்த்தில், அதாவது பேட்டரி நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோக உடலில், இருக்கிறது. ரிலே மூடியிருக்கும் வரை பல்பு எரியும். இதில் கவனிக்க வேண்டியது, அத்தனை பிளக்கும் கருகிப்போயிருந்தாலும் பஸ் பாருக்கு வோல்டேஜ் வந்துகொண்டிருக்கும் வரை பல்பு எரியும் என்பதுதான். இழுக்க ஆளில்லாததால் சற்றுப் பிரகாசமாகவே எரியும்.

மூன்றாவது அமைப்பில் பல்புக்கு இக்னிஷன் ஃபியூஸ் வழியாக பாசிட்டிவ் வந்துவிடுகிறது. மறுமுனை, சூடேற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கண்ட்ரோலருக்குப் போகிறது. இஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை சென்சார் மூலம் அறிந்து, கண்ட்ரோலர் தான் தீர்மானித்த நேரம் வரை அந்த மறுமுனையை எர்த் செய்து, பிறகு விட்டுவிடுகிறது. இங்கே விளக்கு வெறும் கடிகாரம்; ரிலேயும் பிளக்கும் என்ன செய்கின்றன என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

என் வண்டியில் இருப்பது எந்த அமைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒயரிங் படம் கையில் இருந்தால் அதைப் பாருங்கள். ஆனால் பழைய லாரியில் முந்தைய உரிமையாளர்கள் செய்த மாற்றங்கள் எந்தப் படத்திலும் இருக்காது. மீட்டர் போர்டைக் கழற்றி, விளக்கின் ஹோல்டரிலிருந்து கிளம்பும் இரண்டு இணைப்புகளையும் சாவி ஆன் நிலையில் சோதித்துவிடுவது நம்பகமான வழி. பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் ஒரு முனையில் சாவி ஆன் செய்த நேரம் முழுவதும் 12 வோல்ட் நிற்கிறது என்றால் அது கண்ட்ரோலர் எர்த் செய்யும் மூன்றாவது அமைப்பு. பிளக்குகளுக்குக் கரண்ட் போகும் சில விநாடிகள் மட்டும் வோல்டேஜ் வந்து, ரிலே 'டக்' என்று விடுபட்டதும் மறைந்துவிடுகிறது என்றால் அது இரண்டாவது அமைப்பு.

இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு நேராகப் பிளக்கை மாற்றப் போகிறவர்களே அதிகம். முதலில் இதைச் செய்துவிட்டால் பின்வரும் விடைகளில் பாதியை நீங்கள் படிக்க வேண்டியிருக்காது.

சோதனைக்கு என்ன கருவிகள் வேண்டும்? என்ன எச்சரிக்கை தேவை?

ஒரு மல்டிமீட்டர், 5 வாட் அளவு பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப், முடிந்தால் டி.சி. ஆம்பியர் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் இருக்க வேண்டும். பஸ் பாரின் நட்டுகளைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். ரிலேயின் உள்ளீட்டு முனைக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக, பல வண்டிகளில் ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் அளவு மீறினால் உருகி அறும் ஒயர்த் துண்டு) ஒன்றை மட்டுமே இடையில் வைத்து, தடித்த ஒயர் வருகிறது; ஸ்பேனர் அங்கிருந்து இஞ்சினில் உரசினால் ஸ்பேனரே சிவக்கும்.

விளக்கு எரியவே இல்லை. ஆனால் வண்டி வழக்கம்போல் கிளம்புகிறது. என்ன கோளாறு?

பிளக்குகள் வேலை செய்கின்றன, விளக்கின் சுற்று மட்டும் அறுந்திருக்கிறது என்பதே நேரடியான பொருள். இஞ்சின் சூடாக இருந்தபோதுதான் பார்த்தீர்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ட்ரோலர் உள்ள பல வண்டிகளில் சூடான இஞ்சினில் விளக்கு ஒரு மின்னல்போல் வந்து போவதே இயல்பு.

குளிர்ந்த இஞ்சினிலும் எரியவில்லை என்றால், மூன்றாவது அமைப்பில் சோதனை எளிது. சாவியை ஆன் செய்து, மற்ற மீட்டர்களும் விளக்குகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அவையும் செத்திருந்தால் பொதுவான ஃபியூஸ் போயிருக்கிறது. அவை நன்றாக இருந்தால், சாவியை ஆஃப் செய்து கண்ட்ரோலரின் கனெக்டரை உருவி, அதில் விளக்குக்குப் போகும் ஒயரைக் கண்டுபிடித்து, சாவியை மறுபடி ஆன் செய்தபின் அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்பை வையுங்கள்.

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சரியான ஒயராக இருந்து, பல்பும் நன்றாக இருந்தால், டாஷ்போர்டு விளக்கு எரியும். உங்கள் கையிலுள்ள டெஸ்ட் லேம்ப் எரியாது. டாஷ்போர்டு பல்பு 1.2 வாட் போன்ற சிறிய பல்பு. அதன் வழியே வரும் ஏறத்தாழ 0.1 ஆம்பியர், 5 வாட் பல்பின் இழையைச் சிவக்க வைக்கக்கூடப் போதாது. மாறாக டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்துடன் எரிந்தால் நீங்கள் தொட்டிருப்பது நேரடி சப்ளை ஒயர். அங்கே ஒரு துண்டு ஒயரால் எர்த் செய்திருந்தால் புகை வந்திருக்கும். வெறும் ஒயரால் எர்த் செய்து பார்க்கும் பழக்கத்தை விட்டு டெஸ்ட் லேம்பைப் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டுமே எரியவில்லை என்றால் பல்பு, அதன் ஹோல்டர், மீட்டர் போர்டின் பின்புறமுள்ள வளையும் பிரிண்டட் சர்க்யூட், இடையிலுள்ள கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் தாளில் ஓடும் செப்புக் கோடு, கனெக்டர் செருகும் விளிம்பில் மயிரிழைபோல் வெடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் அழுத்தினால் விளக்கு எரிந்து, விட்டால் அணையும். திருகிப் பூட்டும் வகை ஹோல்டரில் தொடுமுனைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும்.

டாஷ்போர்டு விளக்கு இந்தச் சோதனையில் எரிகிறது, கண்ட்ரோலரை மாட்டினால் எரியவில்லை என்றால், கண்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் அதற்கு வரும் பாசிட்டிவையும் எர்த்தையும் சோதியுங்கள். கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டப்பட்ட வண்டிகள் பலவற்றில் கெட்டிருப்பது அதன் எர்த் ஒயரின் நுனியிலுள்ள உலோக வளையமான லக்தான். ஒரு விதிவிலக்கு உண்டு: பிளக்குகளில் ஒன்றோ சிலவோ அறுந்தால் விளக்கை எரியவிடாமல் வைத்தே ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் வகையில் அமைக்கப்பட்ட கண்ட்ரோலர்களும் இருக்கின்றன. ஆகவே கண்ட்ரோலரை மாற்றும் முன் பிளக்குகளையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

விளக்கு சரியாக எரிந்து சரியாக அணைகிறது. ஆனாலும் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான், வெள்ளைப் புகையோடு கிளம்புகிறது. ஏன்?

மேலே சொன்ன கடிகார விஷயம்தான். விளக்கு தன் வேலையைச் செய்துவிட்டது, பிளக்குகள் செய்யவில்லை. செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது, டீசல் உள்ளே வந்தும் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம். புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை, அது வேறு வகைக் கோளாறு.

பஸ் பாரில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் இஞ்சின் பிளாக்கில் கறுப்பு முனையையும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கோளாறு ரிலேயிலோ ஃபியூசிபிள் லிங்கிலோ ரிலேயை இயக்கும் ஒயரிலோ இருக்கிறது. ரிலே 'டக்' என்று ஒலித்தும் வோல்டேஜ் வராவிட்டால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன அல்லது உள்ளீட்டுப் பக்கமே செத்திருக்கிறது. 11 வோல்ட் அளவுக்கு வந்து நின்றால் சப்ளை பரவாயில்லை. பிளக்குகளைப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட், அதாவது பேட்டரியின் ஓய்வு வோல்டேஜ், அப்படியே இறங்காமல் நின்றால் மகிழ்ச்சியடையாதீர்கள். கரண்டை இழுக்கப் பிளக்கே மிச்சமில்லை என்று பொருள்.

பிளக்குகளைக் கழற்றாமல் சோதிக்க முடியுமா?

முடியும். பஸ் பாரைக் கழற்றிய பிறகு என்பது நிபந்தனை. அதை வைத்துக்கொண்டு ஒரு பிளக்கைச் சோதித்தால் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்ததாகிவிடும். ஆறில் ஐந்து கெட்டிருந்தாலும் மீட்டர் நல்ல பதிலே சொல்லும்.

பஸ் பாரை எடுத்தபின் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, ஒவ்வொரு பிளக்கின் முனையையும் தொடுங்கள். எரிந்தால் உள்ளே இழை அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் முடிந்தது. மல்டிமீட்டரில் ஓம் அளப்பதானால், குளிர்ந்த நல்ல பிளக் பொதுவாக ஒரு ஓமைச் சுற்றியோ அதற்கும் குறைவாகவோ காட்டும். இந்த அளவில் மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டக்கூடும் என்பதால், முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதைக் கழியுங்கள். எண்ணைவிட, எல்லாப் பிளக்குகளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பது முக்கியம். பிளக் இஞ்சின் ஹெட்டின் வழியாகவே எர்த் ஆவதால், அளக்கும்போது கறுப்பு முனையைத் துருவோ பெயின்டோ இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த இரு சோதனைகளும் அறுந்த பிளக்கைக் காட்டும். பலவீனமாகச் சூடாகும் பிளக்கைக் காட்டாது. அதற்கு கிளாம்ப் மீட்டரே சரி. பிளக்கின் ஒயரைச் சுற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினால், கரண்ட் தொடக்கத்தில் 15 ஆம்பியருக்கு மேலே போய், இழை சூடாகச் சூடாகக் குறைந்துகொண்டே வரும். அந்த இறக்கம்தான் நல்ல பிளக்கின் கையெழுத்து.

பிளக்குகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் சூடு போதவில்லை. ஒயரில் எங்கே பார்ப்பது?

ஆறு பிளக் கொண்ட இஞ்சினில் ஒவ்வொன்றும் 12 ஆம்பியர் எடுத்தாலே மொத்தம் 72 ஆம்பியர். இவ்வளவு கரண்ட் போகும் பாதையில் 0.02 ஓம் தடை எங்காவது உட்கார்ந்துவிட்டால் அங்கேயே 1.4 வோல்ட் தொலைந்துபோகும். அந்த 0.02 ஓம், தளர்ந்த ஒரு நட்டாகவோ பச்சை பூத்த ஒரு லக்காகவோ இருக்கலாம். சாதாரண ஓம் அளவையில் அது தெரியவே தெரியாது. வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. தடை மாறாது என்று வைத்துக் கணக்கிட்டால், 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 10.8 வோல்ட் போனால் பிளக் தரும் வெப்பம் 81 சதவீதம்தான்.

ஆகவே வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும். பிளக்குகளுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலும் கறுப்பு முனையை பஸ் பாரிலும் வையுங்கள். வரும் எண் அந்தப் பாதையில் வீணாகும் வோல்டேஜ். அரை வோல்டுக்குள் இருந்தால் நன்று. ஒரு வோல்டைத் தாண்டினால், கறுப்பு முனையைப் படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: ரிலேயின் வெளியீடு, ரிலேயின் உள்ளீடு, ஃபியூசிபிள் லிங்க், கடைசியாகப் பேட்டரி டெர்மினல். எந்த இரண்டு இடங்களுக்கு இடையே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி இருக்கிறார். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கிடையே மட்டும் 0.3 வோல்டுக்கு மேல் வந்தால் ரிலேயை மாற்றிவிடலாம்.

அதேபோல் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இஞ்சின் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். செல்ஃபும் உற்சாகமாகச் சுற்றத் தொடங்கும்.

குளிர்ந்த இஞ்சினிலும் விளக்கு அரை விநாடியில் அணைகிறது. அல்லது சூடான இஞ்சினிலும் நெடுநேரம் எரிகிறது. இது எதனால்?

இரண்டும் வெப்ப சென்சாரின் வேலை. கூலன்ட் பாதையில் இருக்கும் இந்த சென்சாரின் தடை, குளிரில் சில ஆயிரம் ஓம் என்ற அளவிலும், இஞ்சின் ஓடிச் சூடானபின் சில நூறு ஓம் என்ற அளவிலும் இருப்பது வழக்கம். அதன் ஒயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகிறது; இஞ்சின் கடுங்குளிரில் இருப்பதாக எண்ணி கண்ட்ரோலர் விளக்கையும் பிளக்குகளையும் நெடுநேரம் வைத்திருக்கும். அதே ஒயர் தோல் உரிந்து இஞ்சினில் உரசினால் தடை இல்லாமல் போகிறது. இஞ்சின் கொதிக்கிறது என்று எண்ணி கண்ட்ரோலர் சூடேற்றுவதை உடனே நிறுத்திவிடும்.

சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு விளக்கின் நேரம் நீள்கிறதா என்று பார்த்தால், கண்ட்ரோலர் உயிரோடு இருப்பது உறுதியாகும். சில வண்டிகளில் சென்சாருக்குப் பதிலாக வெப்பத்தில் திறந்து மூடும் சுவிட்ச் ஒன்றே இருக்கும். அங்கே இந்த எண்கள் பொருந்தாது. இன்னொன்று, விளக்கு அணைந்தபிறகும் சில விநாடிகளோ அதற்கு மேலுமோ ரிலே மூடியே இருப்பது பல அமைப்புகளில் கோளாறு அல்ல. இஞ்சின் கிளம்பியபின் புகையும் தட்டலும் குறைய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பியதும் ரிலே விட்டுவிட்டு 'டக் டக்' என்கிறது, விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. ரிலே கெட்டுவிட்டதா?

தாளத்தைக் கவனியுங்கள். ஒரு விநாடி, இரண்டு விநாடிக்கு ஒருமுறை நிதானமாக அடிக்கிறது என்றால், கண்ட்ரோலரே அப்படிச் செய்கிறது. பிளக்குகள் இழுக்கும் கரண்டை உணர்ந்து வேலை செய்யும் கண்ட்ரோலர்கள், கரண்ட் குறைந்துவிட்டால் பிளக்குகள் சூடாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளும். எட்டில் நான்கு பிளக் செத்திருந்தால் கரண்ட் தொடக்கத்திலேயே பாதியாக இருக்கும். கண்ட்ரோலர் ஏமாந்து நிறுத்தும், பிறகு மறுபடி கொடுக்கும். இதற்கு மருந்து நல்ல பிளக்குகள்; பஸ் பாரில் தளர்ந்த இணைப்பும் இதே விளைவைத் தரும்.

மாறாக, பட்டாணி வறுபடுவதுபோல் படபடவென்று அடித்தால், ரிலேயின் காயிலுக்கு வோல்டேஜ் போதவில்லை. ரிலே மூடியதும் பிளக்குகளின் பாரத்தால் வோல்டேஜ் சரிகிறது, காயில் பிடியை விடுகிறது, பாரம் நீங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. பேட்டரியின் வலுவையும், டெர்மினல் இறுக்கத்தையும், காயிலின் எர்த்தையும் பாருங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு மங்கலாக எரிகிறது. கவலைப்பட வேண்டுமா?

ஹெட்லைட் போட்டால் மட்டும் எரிகிறதா, இண்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மீட்டர் போர்டின் எர்த் விடுபட்டிருக்கிறது. தனக்குரிய எர்த் கிடைக்காத மற்ற பல்புகளின் கரண்ட், கிடைத்த வழியாக, குளோ பிளக் விளக்கின் வழியாகவும் பின்பக்கமாக வெளியேறப் பார்க்கிறது. இரண்டாவது அமைப்பில் அதற்கு வசதியாக பஸ் பாரும் பிளக்குகளும் எர்த்துக்கு நேரான வழியாகக் காத்திருக்கின்றன. நான் பார்த்த ஒரு லாரியில் இந்த மங்கல் வெளிச்சத்துக்காக ரிலேயும் கண்ட்ரோலரும் மாற்றப்பட்டிருந்தன. கடைசியில் மீட்டர் போர்டிலிருந்து தனியாக ஓர் ஒயர் இழுத்து பாடியில் எர்த் செய்ததும் நின்றுவிட்டது.

பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டிருந்தால் கதை வேறு. இழை பல்பு கண்டுகொள்ளாத சில மில்லி ஆம்பியர் கசிவும் எல்.இ.டி.யை மினுக்கிவிடும். பழைய பல்பையே திரும்பப் போட்டுவிடுங்கள். இந்த இடத்தில் எல்.இ.டி.யால் எந்த ஆதாயமும் இல்லை.

சாவி ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, பிளக்குகளுக்குக் கரண்ட் போகும்போது அணைகிறது, பிறகு மறுபடி எரிகிறது. எல்லாம் தலைகீழாக இருக்கிறதே?

யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பல்பின் ஒரு முனை இக்னிஷன் பாசிட்டிவிலும் மறுமுனை பஸ் பாரிலும் இருந்தால் இப்படித்தான் நடக்கும். ரிலே திறந்திருக்கும்போது பஸ் பார், பிளக்குகளின் மிகக் குறைந்த தடை வழியாக எர்த்தாகவே இருக்கிறது. எனவே பல்பு முழுதாக எரிகிறது. ரிலே மூடியதும் பல்பின் இருபுறமும் பாசிட்டிவ் வந்துவிடுவதால் அணைந்துவிடுகிறது. பல்பிலிருந்து இக்னிஷன் ஒயரைக் கழற்றி, அந்த ஒயரை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, பல்பின் அந்த முனையை எர்த்தில் கொடுத்தால் முறையான இரண்டாவது அமைப்பாகிவிடும். மறந்தும் இக்னிஷன் ஒயரை எர்த்தில் கொடுத்துவிடாதீர்கள்.

சாவியை எடுத்தபிறகும் பேட்டரி இரவோடு இரவாக இறங்கிவிடுகிறது. இதற்கும் குளோ பிளக்குக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பிளக்குகளுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அறுபது, எழுபது ஆம்பியர் இழுப்பில் எந்தப் பேட்டரியும் இரவைத் தாண்டாது. அதற்குள் பிளக்குகளும் கருகத் தொடங்கும். மூன்றாவது அமைப்பில் விளக்கு அணைந்தே இருப்பதால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. சாவி ஆஃப் நிலையில் பஸ் பாரில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே பேட்டரியைக் கழற்றி ரிலேயை மாற்றுங்கள். அதன் பிறகு பிளக்குகள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். நெடுநேரம் காய்ந்த பிளக்கின் நுனி வீங்கி, கழற்றும்போது துளையில் சிக்கி ஒடிந்து உள்ளே விழுந்துவிடும் ஆபத்து உண்டு. இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பியே கழற்றுங்கள்.

டாஷ்போர்டில் கம்பிச்சுருள் காட்டி உள்ள பழைய அமைப்பில் சோதனை எப்படி?

அந்தச் சுருள் எளிமையானது, நேர்மையானதும்கூட. பல வண்டிகளில் இதனோடு வருபவை, வெளியே தெரியும் இழையும் இரு முனைகளும் கொண்ட பிளக்குகள். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாமே நின்றுவிடும், சுருளும் இருண்டே இருக்கும். அப்போது ஒவ்வொரு பிளக்கையும் ஒரு தடித்த ஒயரால் ஒரு கணம் தாண்டவிட்டுப் பார்த்தால், எதைத் தாண்டியபோது சுருள் சிவக்கிறதோ அதுவே அறுந்தது. சுருள் வழக்கத்தைவிட விரைவாக, வெண்மை தட்டும் அளவுக்குப் பழுத்தால் ஒரு பிளக் கார்பன் படிந்தோ வளைந்தோ ஷார்ட் ஆகியிருக்கிறது. மீதமுள்ளவை அளவுக்கு மீறிய கரண்டைச் சுமக்கின்றன. இந்தப் பிளக் ஒவ்வொன்றும் 2 வோல்ட் அளவுக்கே செய்யப்பட்டது. 12 வோல்டை அதில் நேரடியாகக் கொடுத்தால் கண்ணெதிரே எரிந்துபோகும்.

கண்ட்ரோலரை நீக்கிவிட்டு ஒரு புஷ் பட்டன் வைத்துக்கொள்ளலாமா?

கண்ட்ரோலர் கிடைக்காத வண்டிகளில் இதுவே நடைமுறைத் தீர்வு. பட்டன் ரிலேயின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். பிளக்குகளின் கரண்ட் பட்டன் வழியாகப் போகக் கூடாது. காயிலின் சப்ளையை இக்னிஷனிலிருந்து, சிறு ஃபியூஸ் வழியாக எடுங்கள். ரிலே, தொடர்ந்து இயங்கும் வகையாகவும் மொத்தக் கரண்டைத் தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குப் போடும் 30 ஆம்பியர் ரிலே ஆறு பிளக் இஞ்சினில் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். விளக்கை பஸ் பாரிலிருந்து எடுத்து எர்த்தில் கொடுத்துவிட்டால், ரிலே ஒட்டிக்கொண்டாலும் விளக்கு காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இணைப்பை நான் விரும்புகிறேன்.

ஐரோப்பிய முறையில் எண்ணிட்ட சாவி சுவிட்சில் 30 பேட்டரி, 15 இக்னிஷன், 19 முன்சூடு, 50 ஸ்டார்ட்டர். 19 இருந்தால் பட்டனே தேவையில்லை.

பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது பிளக்கைப் பொறுத்தது. விரைவில் சூடாகும் பிளக்குகள் சில, 12 வோல்ட் வண்டியில் இருந்தாலும், கண்ட்ரோலர் விட்டுவிட்டுக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் 6 வோல்டுக்குச் செய்யப்பட்டவை. பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் படிக்காமல் பட்டன் வைக்காதீர்கள்.

என் வண்டி 24 வோல்ட். மேலே உள்ளவை பொருந்துமா?

முறைகள் பொருந்தும், எண்கள் மாறும். டெஸ்ட் லேம்பில் 24 வோல்ட் பல்பு போடுங்கள். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பிளக்குக்குக் கொடுக்கும் குறுக்கு வழியைத் தவிருங்கள். ஒரு பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

பிளக் வேலை செய்யாத காலையில், ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பலாமா?

கூடாது. பிளக்குகள் வேலை செய்யவில்லை என்பது விளக்கை வைத்து நீங்கள் எடுத்த முடிவாக இருக்கலாம். மேலே பார்த்தபடி விளக்கு இருண்டிருந்தாலும் பிளக்குகள் பழுத்துக்கொண்டிருக்கக்கூடும். பழுத்த நுனியில் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும்; பிஸ்டன் வளையமும் கனெக்டிங் ராடும் அதற்கு விலை கொடுக்கும். ஸ்பிரே அடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பஸ் பாருக்கு வரும் ஒயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி, பிளக்குகள் ஆறும்வரை சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே டப்பாவைக் கையில் எடுங்கள்.